வொர்த் மாட்ரவர்ஸ்: கல் வெட்டிப் பிழைத்த ஊருக்கு ஒரு நாள் போய்வருவது எப்படி?

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில், பர்பெக் என்றொரு பகுதி இருக்கிறது. வரைபடத்தில் "பர்பெக் தீவு" என்று போட்டிருக்கும், ஆனால் அது தீவு இல்லை, கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம். அதன் தெற்கு ஓரத்தில், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மேட்டில் இருக்கிறது வொர்த் மாட்ரவர்ஸ். ஒரு குளம், ஒரு தேவாலயம், ஒரு பப், சாம்பல் நிறக் கல்வீடுகள் கொஞ்சம். ஊர் அவ்வளவுதான். இந்தப் பக்கம் வருகிறவர்கள் டர்டில் டோர் பாறை வளைவையும் கோர்ஃப் கோட்டையையும் பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் இங்கே எட்டிப் பார்ப்பார்கள், குளத்து வாத்துகளைப் படம் எடுப்பார்கள், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த ஊரின் பாதிதான் மேட்டில் தெரிகிறது, மறுபாதி கடலோரப் பாறையில் வெட்டிய பெரும் பள்ளங்களாகக் கீழே கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும், நடக்கக் கால் வேண்டும். அதற்கான வழிதான் இது.

எப்போது போவது

ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்லது, செப்டம்பரும் நல்லது. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் பப் வாசலில் கூட்டம் வழியும், கார் நிறுத்த இடம் கிடைக்காது, நீங்கள் தேடி வந்த அமைதியும் இருக்காது. குளிர்காலத்தில் வரலாம்தான், ஆனால் மாலை நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், பாதை முழுக்கச் சேறு. இந்த ஊர்ச் சேறு களிமண், செருப்பைப் பிடித்தால் விடாது. முடிந்தால் வாரநாளில் வாருங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளாக இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள், ஏனென்றால் நாம் நடக்கப்போவது செங்குத்துப் பாறையின் விளிம்பு.

போய்ச் சேருவது

லண்டன் வாட்டர்லூவிலிருந்து வெய்மவுத் போகும் ரயிலில் ஏறி வேரம் நிலையத்தில் இறங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து 40-ஆம் எண் பேருந்து கோர்ஃப் வழியாக ஸ்வானேஜுக்குப் போகிறது. வொர்த் ஊருக்குள்ளேயே இறக்கிவிடும் பேருந்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஸ்வானேஜில் இறங்கி, பிரீஸ்ட்ஸ் வே என்ற பழைய மண்பாதையில் மேற்கே நடந்தால் சுமார் ஆறு கிலோமீட்டரில் வொர்த் வந்துவிடும். பேருந்தில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான், ஏனென்றால் பாதையின் இரண்டு பக்கமும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் குவாரிகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். நடக்க முடியாதவர்களுக்கு ஸ்வானேஜிலோ வேரமிலோ டாக்ஸி கிடைக்கும், திரும்பி வருவதற்கும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் வருகிறீர்கள் என்றால் கோர்ஃப், கிங்ஸ்டன் வழியாக வாருங்கள். கடைசித் துண்டு குறுகலான சாலை, எதிரில் டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, வடக்குப் பக்கம் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். குளத்தைச் சுற்றியும் வீட்டு வாசல்களிலும் நிறுத்துவதுதான் இந்த ஊர்க்காரர்களுக்கு வருகிறவர்கள் மேல் இருக்கும் பெரிய மனக்குறை, அது நியாயமான குறையும்கூட.

கையில் என்ன இருக்க வேண்டும்? பிடிமானமுள்ள ஷூ, தண்ணீர், மழைச் சட்டை, கொஞ்சம் சில்லறைக் காசு. போன் சிக்னல் பல இடங்களில் விட்டுப்போகும், அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காகித வரைபடம் பிடிக்கும் என்றால் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல். 15 என்ற தாள்.

முதலில் ஊருக்குள், மெதுவாக

வந்ததும் கடலைப் பார்க்க ஓட வேண்டாம். குளத்தங்கரையில் நின்று கூரைகளைப் பாருங்கள். ஓடு மாதிரித் தெரிவது ஓடு இல்லை, பலகையாகப் பிளந்த கல். கீழ்விளிம்பில் பெரிய பலகைகள், மேலே போகப் போகச் சிறியவை, என்று அளவு பார்த்து அடுக்கியிருப்பார்கள். சுவரும் கல், வேலியும் கல், திண்ணையும் கல், குளத்துக் கரையும் கல். எல்லாம் சில கிலோமீட்டருக்குள் வெட்டி எடுத்தது.

அப்புறம் ஏதாவது ஒரு சுவரின் கிட்டே போய் முகத்தை வைத்துப் பாருங்கள். கல்லுக்குள் சிப்பித் துண்டுகள் தெரியும், விரலால் தடவினால் நெருடும். பர்பெக் படிவுகளில் பெரும்பாலானவை ஆழம் குறைந்த ஏரிகளிலும் கழிமுகங்களிலும் படிந்த சுண்ணாம்புச் சேறு இறுகிக் கல்லானவை, சுமார் 14 கோடி ஆண்டுக்கு முந்தையவை. அவற்றில் ஓர் அடுக்கு மட்டும் முழுக்க முழுக்க நன்னீர் நத்தை ஓடுகளால் ஆனது. மெருகேற்றினால் கரும்பச்சையாக, பழுப்பாகப் பளபளக்கும். அதற்குப் பர்பெக் மார்பிள் என்று பெயர். புவியியல் கணக்கில் அது மார்பிள் இல்லை, சுண்ணாம்புக்கல்தான், ஆனாலும் 13-ஆம் நூற்றாண்டில் சாலிஸ்பரி பேராலயத்துக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கும் மெல்லிய கருந்தூண்களாகப் போனது அதுதான். அந்த இரண்டு இடங்களில் ஒன்றை ஏற்கெனவே பார்த்தவர்கள், தூணில் வட்டம் வட்டமாகத் தெரிந்த நத்தைகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்லைத் தொட எல்லோருக்கும் உரிமை இருந்ததில்லை. பர்பெக் மார்பிளர்கள், கல்தச்சர்கள் சங்கம் என்று பழைய சங்கம் ஒன்று உண்டு. அதன் விதிகள் எழுதிய 1651-ஆம் ஆண்டுப் பத்திரம் இருக்கிறது. கல்தச்சன் மகனாகப் பிறந்தவன்தான் தொழில் பழகச் சேர முடியும். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை கோர்ஃப் ஊரில் கூடி, புதிதாகச் சேருகிறவன் ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் பணம், ஒரு பென்னி ரொட்டி, கொஞ்சம் பீர் கொண்டுவந்து கொடுத்துச் சங்கத்தில் சேருவான். அன்றைக்கே ஒரு பந்தையும் ஒரு பவுண்டு மிளகையும் ஓவர் என்ற பழைய படகுத்துறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், கல்லைத் துறைக்கு எடுத்துப்போகும் பாதை தங்களுக்குரியது என்பதை நிலைநாட்ட. அந்தச் சடங்கு இன்றும் நடக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஒத்துவந்தால் காலையில் கோர்ஃபில் இருந்துவிட்டு மதியம் இங்கே வரலாம்.

தேவாலயமும் ஒரு கல்லறையும்

குளத்துக்குப் பக்கத்திலேயே புனித நிக்கலஸ் தேவாலயம். நார்மன் காலத்துக் (11, 12-ஆம் நூற்றாண்டு) கட்டடம். உள்ளே போய் வளைவைப் பாருங்கள், அப்புறம் வெளியே வந்து கல்லறைகளுக்கு நடுவே பெஞ்சமின் ஜெஸ்டி என்ற பெயரைத் தேடுங்கள்.

ஜெஸ்டி ஒரு விவசாயி. 1774-இல், டார்செட்டின் வடபுறம் யெட்மின்ஸ்டரில் குடியிருந்தபோது, பெரியம்மை பரவியது. பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டம்மை வந்து போனால் பெரியம்மை வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். மாட்டம்மை கண்ட பசுவின் மடியிலிருந்து எடுத்து, காலுறை பின்னும் ஊசியால் தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் குத்திவிட்டார். பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பேர்போன எட்வர்ட் ஜென்னர் அதைச் செய்வதற்கு 22 ஆண்டுகள் முன்பு. அக்கம்பக்கத்தார் ஏசினார்கள், மனைவி கொஞ்ச காலம் கடுமையாக நோயில் கிடந்து பிழைத்தார். 1797-இல் குடும்பம் இந்தப் பக்கம் வந்தது, 1816-இல் அவர் இறந்தார். அவருக்குப் பக்கத்திலேயே மனைவி எலிசபெத்துக்கும் கல் நட்டிருக்கிறார்கள். மாட்டம்மை குத்தியதில் அறியப்பட்ட முதல் மனிதர் என்று அவர் கல்லில் பொறித்திருக்கிறது. அவர் நாட்டு மருத்துவரும் இல்லை, படித்தவரும் இல்லை, கண்ணால் கண்டதை நம்பித் தன் வீட்டிலேயே செய்து பார்த்தவர். இந்தக் கல்லறைக்காக மட்டுமே இவ்வளவு தூரம் வரலாம் என்பேன்.

வின்ஸ்பிட் நோக்கி இறங்குவது

தெற்கே போகும் பாதையில் வின்ஸ்பிட் என்ற கைகாட்டி இருக்கும். ஒன்றரை கிலோமீட்டர், முழுக்க இறக்கம். இரண்டு பக்கமும் குன்றுகள், ஒன்று ஈஸ்ட் மேன், இன்னொன்று வெஸ்ட் மேன். அவற்றின் சரிவில் படிபடியாகப் புல்மேடுகள் தெரியும். இடைக்கால உழவர்கள் சரிவில் பயிர் செய்ய வெட்டிய படிக்கட்டு வயல்கள் அவை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போதுதான் படிகள் பளிச்சென்று தெரியும், உச்சிவெயிலில் தட்டையாகிவிடும்.

பாதை முடியும் இடத்தில் கடல். பக்கத்திலேயே பாறைமுகத்தில் சதுரம் சதுரமாகக் கரிய வாய்கள். இதுதான் வின்ஸ்பிட் குவாரி.

மேட்டில் பார்த்தது பர்பெக் கல். இங்கே அதற்கு அடியில் கிடக்கும் போர்ட்லாந்து வகைக் கல். எந்தப் பக்கம் உளி வைத்தாலும் ஒரே மாதிரி கொடுக்கும் கல், அதனால் கல்தச்சர்களுக்குப் பிடித்த கல். நல்ல கல் பாறையின் நடுவயிற்றில் இருக்கிறது, மேலே பல மீட்டர் கனத்துக்கு வேண்டாத பாறை. அதையெல்லாம் நீக்கிக் கட்டாது என்பதால் பக்கவாட்டில் குடைந்துகொண்டே உள்ளே போனார்கள், மேலே இருப்பது தலையில் விழாமல் இருக்க இடையிடையே தூண்களை வெட்டாமல் விட்டார்கள். வெட்டிய கல்லை மேட்டுக்கு ஏற்றுவது வீண்வேலை. பாறை விளிம்பில் மரத்தால் பாரந்தூக்கி நிறுத்தி, நேராகக் கீழே நிற்கும் படகில் இறக்கினார்கள். கடல் அமைதியாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். படகு ஸ்வானேஜ் போகும், அங்கிருந்து பாய்க்கப்பல் லண்டன் போகும். வீட்டுக்குக் கழுவுதொட்டி, மாட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி, வாசல் கம்பம், கட்டடக் கல் என்று பலதும் இங்கேயே செதுக்கிப் போனது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு இங்கே வேலை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

தரையைக் குனிந்து பாருங்கள். வெட்டி எடுத்த இடத்தில் வரிசையாக ஆப்புக் குழிகளின் தடம், பாறையில் உளிக் கோடுகள், அரைகுறையாகச் சதுரித்து விட்டுப்போன கற்கள். எனக்கு இங்கே பிடித்தது இந்தக் கைத்தடங்கள்தான், கடல் காட்சியைவிட.

சரி, இப்போது கறாராக ஒன்று. குகைகளுக்குள் போகாதீர்கள். கூரைக் கல் பெயர்ந்து விழுகிறது, முன்னறிவிப்பு இல்லாமல். சில வாய்களுக்குக் கம்பிக் கதவு போட்டிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெரிய குதிரைலாட வௌவால் என்ற அரிய இனம் உள்ளே தங்குகிறது. குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் வௌவாலை எழுப்பினால் அது சேர்த்து வைத்த கொழுப்பு தீர்ந்து செத்துப்போகும். வெளியே நின்று பார்த்தாலே குவாரி முழுசாகப் புரியும். பாறைமுகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதும் வேண்டாம், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அலை பெரிதாக இருக்கும் நாளில் கீழ்த்திட்டில் இறங்கவே கூடாது, குழந்தைகள் கையை விடக் கூடாது.

மதராஸுக்குப் புறப்பட்ட கப்பல்

வின்ஸ்பிட்டிலிருந்து கடலோரப் பாதையில் கிழக்கே திரும்புங்கள், அதாவது கடல் உங்கள் வலது கையில். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையை முழுக்கச் சுற்றும், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நடைபாதையின் ஒரு துண்டு இது. அடுத்த பள்ளத்தாக்கு சீகூம், அங்கேயும் குவாரி. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது விளிம்பிலிருந்து தள்ளி நின்று, தமிழ் படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் நினைக்க வேண்டிய சம்பவம் ஒன்று இருக்கிறது.

1786 ஜனவரி 6, அதிகாலை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹால்ஸ்வெல் என்ற கப்பல் இந்தப் பாறையில் மோதி உடைந்தது. லண்டனிலிருந்து மதராஸுக்குப் புறப்பட்ட கப்பல் அது. கம்பெனிச் சிப்பாய்கள், மாலுமிகள், பயணிகள் என்று 240 பேருக்கு மேல். கேப்டன் ரிச்சர்ட் பியர்ஸுடன் அவருடைய இரண்டு மகள்களும் இருந்தார்கள். பல நாள் பனிப்புயலில் சிக்கி, தண்ணீர் ஏறி, கரைக்குத் தள்ளப்பட்ட கப்பல் வந்து விழுந்தது, ஏற வழியே இல்லாத இடத்தில். பாறைக்கு அடியில் ஒரு குடைவு, அதற்குள் தாவித் தொற்றிக்கொண்டவர்கள் இருட்டில் குளிரில் விறைத்து ஒவ்வொருவராக அலையில் விழுந்தார்கள். பெண்களை அங்கே கொண்டுசேர்க்க முடியாது என்று தெரிந்ததும் கேப்டன் மகள்களோடு கப்பலிலேயே இருந்துவிட்டார்.

விடியும்போது இரண்டு பேர் எப்படியோ பாறையைப் பிடித்து மேலே ஏறிவிட்டார்கள். அவர்கள் எழுப்பியது குவாரி ஆட்களை. கல்லுடைப்பவர்கள் கயிறுகளோடு ஓடி வந்தார்கள். தரையில் இரும்புக் கம்பி அறைந்து, அதில் கட்டிய கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு விளிம்பின் நுனியில் சிலர் நிற்க, பின்னால் மற்றவர்கள் பிடிக்க, சுருக்குப் போட்ட இன்னொரு கயிற்றைக் கீழே விட்டார்கள். பாறை முன்னால் துருத்திக்கொண்டிருந்ததால் கயிறு குடைவுக்கு நேராகப் போகாது, காற்று உள்ளே தள்ளினால்தான் எட்டும். எட்டியவர்களை ஒவ்வொருவராக இழுத்தார்கள். பிழைத்தது 74 பேர். பாரத்தைக் கட்டி இறக்கிப் பழகிய கைகள் என்பதால்தான் அவ்வளவு பேராவது மேலே வந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். தினமும் கல்லை இந்த விளிம்பிலிருந்து கீழே விட்டவர்கள், அன்றைக்கு மனிதர்களை மேலே எடுத்தார்கள்.

மதராஸின் பழைய வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். வந்து சேராதவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இங்கிருந்து திரும்புவதா, தொடர்வதா

களைத்துவிட்டால் சீகூம் பள்ளத்தாக்கு வழியாகவே மேலே ஏறி ஊருக்குத் திரும்பலாம். காலையிலிருந்து மொத்தம் நாலைந்து கிலோமீட்டர்தான் ஆகியிருக்கும். ஆனால் ஏற்றம் ஏற்றம்தான், மூட்டுவலி உள்ளவர்கள் நேரம் எடுத்து ஏறுங்கள்.

தெம்பிருந்தால் கிழக்கே இன்னும் போங்கள், டான்சிங் லெட்ஜ் வரும். கல்லை வெட்டி எடுத்த இடம் அகன்ற மேடையாகக் கிடக்கிறது, அதில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகள் நீந்துவதற்காகப் பாறையை வெடிவைத்துத் தோண்டிய குளம் ஒன்று இருக்கிறது, அலை ஏறி இறங்கும்போது தானே நிரம்பும். கடைசியில் கையை ஊன்றி இறங்க வேண்டிய இடம் என்பதால் முதியவர்களுக்குச் சரிப்படாது. அங்கிருந்து வடக்கே ஏறினால் பிரீஸ்ட்ஸ் வே. அந்தப் பாதையோரத்தில் கீட்ஸ் குவாரி என்ற இடத்தில் 1997-இல் கல் எடுக்கும்போது டைனோசர் கால்தடங்கள் வெளிப்பட்டன, நூற்றுக்கு மேல், நீண்ட கழுத்துள்ள பெரிய வகையினுடையவை. நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறது. முதல் பார்வையில் மழைநீர் தேங்கிய குழிகளாகத்தான் தோன்றும். கொஞ்சம் தள்ளி நின்று ஒரு குழியிலிருந்து அடுத்ததற்குக் கண்ணை ஓட்டினால் நடை பிடிபடும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் குவாரிகளைக் குறைத்தாலும் இதை விடாதீர்கள். பாதையோரம் வேலை நடக்கும் குவாரிகளுக்குள் மட்டும் நுழைய வேண்டாம், வேலிக்கு வெளியே நின்று பார்க்கத் தடையில்லை.

மேற்கே போக விரும்புகிறவர்களுக்குப் புனித ஆல்டெல்ம் முனை. ரென்ஸ்கூம் கார் நிறுத்துமிடத்திலிருந்து போனால் சமதளமான பாதை. முனையில் சின்னஞ்சிறு நார்மன் கோயில், சதுரமாக, நடுவில் ஒரே ஒரு பருத்த தூண் கூரை முழுவதையும் தாங்குகிறது. பக்கத்தில் ரேடார் நினைவுச்சின்னம்: 1940 முதல் 1942 வரை ரேடார் ஆய்வுக்கூடம் இந்த மேட்டில்தான் இயங்கியது. ஒரே நாளில் டான்சிங் லெட்ஜையும் இதையும் சேர்க்காதீர்கள், இரண்டும் ஓட்டமாகிவிடும்.

பப்

ஸ்கொயர் அண்ட் கம்பஸ், கல்தச்சர் கருவிகளின் பெயரைத் தாங்கிய பப். 1907 முதல் ஒரே குடும்பம் நடத்துகிறது. உள்ளே பார் மேசை கிடையாது, நடையில் நின்று சுவரிலுள்ள சிறு திறப்பு வழியாக வாங்க வேண்டும். வரிசையில் நில்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். சாப்பிட பாஸ்டிதான், அடைத்துச் சுட்டது, கறி வைத்தது பிடிக்காதவர்கள் காய்கறி வைத்தது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முழுச் சாப்பாடு எதிர்பார்த்து வராதீர்கள், பிள்ளைகளுக்குக் கையில் ஏதாவது கொண்டுவருவது நல்லது. குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம், ஏனென்றால் உள்ளேயே சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைத்த புதைபடிவங்கள், பழைய கருவிகள். வெளியே கல்பலகை மேசைகள், அங்கே உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு வழியே கடல் தெரியும். குளிர்காலத்தில் திறக்கும் நாளும் நேரமும் மாறும், பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

நடந்துகொள்ளும் விதம்

திறந்த கேட்டை மூடுங்கள், வயலில் ஆடு மேயும்போது நாயைக் கயிற்றில் பிடியுங்கள். இந்தக் கரை 2001-இலிருந்து உலக பாரம்பரியச் சின்னம், பாறையைச் சுத்தியலால் தட்டிப் புதைபடிவம் எடுக்காதீர்கள், குவாரியில் கிடக்கும் செதுக்கிய துண்டைப் பையில் போடாதீர்கள். பாதை சில இடங்களில் வீடுகளின் ஜன்னலுக்கு நேர் கீழே போகிறது, அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். எதிரில் வருகிறவருக்கு ஒரு வணக்கம் சொன்னால் நின்று பேசுவார்கள். கல் பற்றிக் கேட்டால் இன்னும் பேசுவார்கள்.

இரண்டாவது நாள் கையில் இருக்கிறது என்றால் ஸ்வானேஜில் செலவழியுங்கள். கல்லை இறக்கிவிட்டு லண்டனிலிருந்து வெறுமையாகத் திரும்பிய கப்பல்கள் கடலில் கவிழாமல் இருக்க எடைக்காக ஏற்றி வந்த பழைய பொருட்கள் அந்த ஊர் முழுக்கக் கிடக்கின்றன. லண்டன் தெருக்களின் இரும்புக் கம்பங்கள், லண்டன் பாலத்தருகே நின்ற கடிகாரக் கோபுரம், நகர மன்றத்தின் முகப்பாக நிற்கும் மெர்சர்ஸ் ஹால் வாசல். ஜான் மௌலம், அவர் உறவினர் ஜார்ஜ் பர்ட் என்ற இரண்டு ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்தவை பல. கையில் உளி பிடித்துப் பார்க்க ஆசை இருந்தால் லாங்டனுக்கும் வொர்த்துக்கும் நடுவில் பர்ன்கேட் கல்செதுக்கு நிலையத்தில் ஒரு நாள் வகுப்பு கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.